கீழிருந்து படித்தவர்

லேபிள் பசையின் புளித்த வாசனை எங்கே வந்தாலும் எனக்குக் காது சிவந்துவிடும்.

புதுவாயலில் ஏறிய ஷேர் ஆட்டோவில் அந்த அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது, பேக்கிங் பிரிவின் நீலக் கோட்டு, நகங்களில் காய்ந்த பசை. கம்பெனி கொடுத்த தாளில் அன்று காலையே கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். அவர் விரல் கடைசி வரியிலிருந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வாசிப்பே என் மூச்சு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். பாவம், வயதான பெண், படிக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டி உருகினேன். அந்த உருக்கத்துக்கு இரண்டு உவமைகள்கூடத் தேடிவிட்டேன்.

"குடுங்கம்மா, படிச்சு சொல்றேன்." ஒரே மூச்சில் கண்ணை ஓட்டினேன். "ஷிப்டு நேரத்த மாத்துறாங்க, அவ்ளோதான். தைரியமா கையெழுத்து போடுங்க."

"கடைசி வரிய படிச்சியா நைனா?"

படிக்கவில்லை. புது நேரத்துக்கு ஒருநாள் வராவிட்டாலும் தானாக வேலையை விட்டதாகக் கருதப்படும் என்று அங்கே எறும்பு எழுத்தில் இருந்தது.

"இருவது வருசமா லேபிள் செக் பண்றேன். தப்பு எப்பவும் அடியிலதான் குந்திக்கினு இருக்கும். உன் பேச்ச கேட்டிருந்தா என் பொயப்பு போயிருக்கும்."

கம்பெனி வாசலில் இறங்கியவர், கையெழுத்திடாத தாளை மடித்துக்கொண்டே என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"வருத்தப்படாத நைனா. ஆம்பளைங்களுக்கு அம்பது தாண்டினா அப்டித்தான். இனிமே எதுனா படிக்கணும்னா, ஊட்ல பொம்பளைங்ககிட்ட குடு."