கயிறு பிடித்தவர்

அடைக்கலராஜுக்குத் தண்ணீர் என்றால் பயம். வேளாங்கண்ணிக்குப் போனாலும் மாதாவைப் பார்த்துவிட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். மன்னார்குடி சாலையில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கரண்டில் கை வைக்கப் பயப்படாத மனுஷன் வாய்க்காலில் கால் கழுவ யோசிக்கிறார் என்று அவர் மனைவி விண்ணரசி சொல்லிச் சிரிப்பார். அடைக்கலராஜ் மறுத்ததில்லை.

ஊருக்குத் தெற்கே வடிகால் ஒன்று பாசன வாய்க்காலின் கரைக்கு அடியில் குழாயாகப் போகிறது. ஒரு ஆள் படுத்து ஊர்ந்தால் போகலாம். மழை வலுத்தால் வெங்காயத்தாமரை அடித்து வந்து அதன் நடுவில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மேற்பக்கத்து வயல்கள் எல்லாம் குளம்தான். நட்ட சம்பா அதிக நாள் தாங்காது, அழுகிவிடும். கரையை வெட்டினால் வாய்க்கால் உடைந்துவிடும் என்பதால் ஜேசிபியையும் கொண்டுவர முடியாது.

அதனால் கீழ்ப்பக்க வாயிலிருந்து ஒரு ஆள் உள்ளே போக வேண்டும். இடுப்பில் கயிறு, அதன் நுனியில் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டி. வேர்த்திரளில் கரண்டியை மாட்டிவிட்டு, இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, பின்னோக்கியே ஊர்ந்து வெளியே வந்துவிட வேண்டும். பிறகு கரையில் நிற்பவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். அடைப்பு பிய்த்துக்கொண்டால் மேலே தேங்கிய தண்ணீர் மொத்தமும் அந்த வாய் வழியாகப் பாயும். அப்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

உள்ளே போகிறவர் ரெத்தினம். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா போனார். அது அந்தக் குடும்பத்து வேலை என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வேறு யாரும் போனதுமில்லை. கயிறு பிடிக்கிறவர் அடைக்கலராஜ். பயந்த ஆள்தான் கயிற்றை இறுக்கிப் பிடிப்பான் என்று ரெத்தினமே அவரைக் கேட்டு வாங்கியிருந்தார். உள்ளிருந்து ஒரு சுண்டு சுண்டினால், இன்னும் கயிறு விடு. இரண்டு சுண்டினால், ஆபத்து, இழு. இரண்டு சுண்டு வந்தால் கரையில் யாரும் யோசிப்பதில்லை. பிடித்திருக்கிற அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுப்பார்கள்.

ஒரு வருஷம் கயிறு நின்றுவிட்டது. விடச் சொல்லவும் இல்லை, இழுக்கச் சொல்லவும் இல்லை. அடைக்கலராஜ் காத்திருந்தார். பக்கத்தில் யாரோ பீடி பற்றவைத்தார்கள். அவர் மட்டும் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். சுண்டு வராமலே இழுத்துவிட்டார். வாய் நிறையச் சேற்றோடு ரெத்தினம் வெளியே வந்தார். இருமி முடித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"மாட்டப் போற நேரத்துல இழுத்துட்டியேடா, பயந்தாங்கொள்ளி."

எல்லோரும் சிரித்தார்கள். அதிலிருந்து ரெத்தினத்துக்கு மூச்சில் ஒரு விசில் சேர்ந்துகொண்டது. அதிலிருந்து அடைக்கலராஜுக்கு, காயில் சுற்றும்போது கம்பி சிக்கி ஒரு நொடி நின்றாலும் நெஞ்சு அடைத்தது.

அடுத்த சித்திரையில் அடைக்கலராஜ் தன் மகள் பிரின்ஸிக்குப் போன் செய்தார். அவள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர்.

"ஆளுக்குப் பதிலா உள்ள போற மாதிரி ஏதாச்சும் வண்டி இருக்காம்மா?"

"ராக் கிராலர்னு ஒண்ணு இருக்குப்பா. ரிமோட்ல ஓட்டுறது. பாறையில ஏறும்."

"தஞ்சாவூர்ப் பக்கம் பாறைக்கு எங்கம்மா போறது?"

"பெரிய கோயில்ல இருக்கே."

"அதுமேல ஏத்தினா கட்டி வச்சு உதைப்பாங்க."

கடைப் பரணில் பழைய ரிமோட் ஜீப் ஒன்று கிடந்தது. குவைத்திலிருந்து வந்த யாரோ பழுது பார்க்கக் கொடுத்து, வாங்க வராமல் போனது. மேல்கூடு நொறுங்கியிருந்தது. அச்சும் பற்சக்கரங்களும் நல்ல எஃகு. பிரின்ஸி லீவு போட்டுப் புது மோட்டாரும் மெத்தென்ற டயர்களும் கொண்டுவந்தாள். மோட்டார் மெதுவாகச் சுற்றும், ஆனால் விடாமல் இழுக்கும். புது அச்சும் வாங்கி வந்திருந்தாள். சாலைக்குக் கொட்டியிருந்த கருங்கல் குவியலில் ஏற்றிய முதல் நாளே அதன் பிளாஸ்டிக் பல் போய்விட்டது. பழைய அச்சைப் பூட்டினார்கள். பழைய ரிமோட்டையே வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா அடம்பிடித்தார். கிராலரைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். வாயைத் தாண்டியதுமே அது காது கேட்காததுபோல் நின்றுவிட்டது. புது ரிமோட்டுக்கு மாறினார்கள். மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷ்தான் வயர்களுக்குப் பூச்சு. சிக்னல் வாங்கும் பெட்டிக்கு உறை ஒரு பலூன். முன்னால் ஒரு விளக்கும் சின்னதாக அடித்து வாங்கிய பாதாளக்கரண்டியும்.

ஒவ்வொரு திருகையும் அடைக்கலராஜ் இரண்டு தடவை முடுக்கினார். பிரின்ஸி எரிச்சலானாள்.

"போதும்ப்பா. மரை போயிடும்."

"உள்ள போயி இது நின்னுடுச்சுன்னா, எடுத்துட்டு வர யாரு போவா?"

பிரின்ஸி அடுத்த திருகை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது, குழாய் அடைத்துக்கொண்டது. பிரின்ஸி ஓசூருக்குப் போயிருந்தாள். வயலில் நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது. அடைக்கலராஜ் கிராலரைக் கூடையில் வைத்து, குடை பிடித்து வடிகாலுக்குக் கொண்டுவந்தார். அவர் நனைந்திருந்தார், அது நனையவில்லை. ரெத்தினம் சட்டையைக் கழற்றி மரத்தில் போட்டிருந்தார். மூச்சு விசிலடித்தது.

"என்னடா, புள்ளைய ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டு வந்துட்டியா?"

"இது போகட்டும் மொதல்ல. நீ இங்க நில்லு."

கிராலர் உள்ளே போனது. பின்னால் நைலான் கயிறு சேற்றில் நெளிந்துகொண்டே போனது. அடைக்கலராஜ் வாய்க்கு எதிரே குந்தியிருந்தார். ரிமோட்டை அவர் வைத்திருந்ததால், அந்த வருஷம் கயிறு வேறு ஆட்கள் கையில் இருந்தது. விளக்கு தூரத்தில் ஆடியது. குழாய்க்குள் விழுந்து கிடந்த காரைத்துண்டு ஒன்றில் முட்டி நின்றது. பிறகு ஒரு சக்கரம், அப்புறம் இன்னொரு சக்கரம் என்று ஏறித் தாண்டியது. கரையில் யாரோ விசிலடித்தார்கள். விளக்கு வேர்களுக்குள் புகுந்து மங்கியது. நின்றது.

கயிறும் நின்றது.

அடைக்கலராஜ் விசையை முன்னால் தள்ளினார். அசையவில்லை. பின்னால் இழுத்தார். அசையவில்லை.

"மாட்டலை. நான் போயி ஒரு அமுக்கு அமுக்கிட்டு வந்துர்றேன்," என்றார் ரெத்தினம்.

"வேணாம். இருடா."

"நாத்து இருக்காது. இடுப்புக்குக் கயிறு எதுக்கு, இந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டே போறேன்."

ரெத்தினத்தின் தலையும் தோளும் குழாய்க்குள் போய்விட்டன. அந்த நேரத்தில் உள்ளே சக்கரங்களுக்குப் பிடி கிடைத்தது. கிராலர் வேருக்குள் ஒரு தாவு தாவியது, வழுக்கியது, மறுபடி தாவியது. கயிறு ஒரு சுண்டு சுண்டியது. உடனே இன்னொன்று.

கரையில் யாரும் யோசிக்கவில்லை. இத்தனை வருஷமும் அந்த இரண்டு சுண்டு ஓர் உயிருக்காக வந்தது. ஒரே மூச்சில் இழுத்தார்கள்.

கயிறு விறைப்பதைப் பார்த்துக் கத்த அடைக்கலராஜ் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ரிமோட் எங்கே விழுந்தது என்று அவருக்குப் பிறகும் தெரியவில்லை. வடிகாலில் குதித்து, ரெத்தினத்தின் இரண்டு கால்களையும் கக்கத்தில் இடுக்கி வெளியே இழுத்தபடி பக்கவாட்டில் சாய்ந்தார். இருவரும் கரைச்சேற்றில் விழுந்தபோது குழாய்க்குள் ஏதோ கிழிபடுகிற சத்தம் கேட்டது. வேர்த்திரள் ஒரு எருமை அளவுக்கு வெளியே வந்து விழுந்தது. அதன் பின்னால் கறுப்பாகத் தண்ணீர். மார்பு வரை ஏறியது. அடைக்கலராஜ் கண்ணை மூடிக்கொண்டார், பிடியை மட்டும் விடவில்லை.

தண்ணீர் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் ரெத்தினத்துக்குப் பேச்சு வந்தது.

"வுடுடா. காலு மரத்துப் போச்சு."

அடைக்கலராஜால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. வேறு ஆட்கள் வந்து பிரித்துவிட்டார்கள்.

தண்ணீர் அடித்துக்கொண்டு போன கிராலர் மறுநாள் ஒரு வயல் வரப்பில் கிடைத்தது. பலூனுக்குள் தண்ணீர் போயிருக்கவில்லை. அதற்குப் பிறகு ரெத்தினம் அந்தக் குழாய்க்குள் போகவில்லை, யாரையும் விடவுமில்லை. வண்டி உள்ளே இருக்கும்போது குழாய் வாய்க்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது என்று அடைக்கலராஜ் விதி வைத்தார். இழு என்று வாயால் சொன்னால் மட்டுமே இழுக்க வேண்டும் என்றும் சொன்னார். தண்ணீர்ப் பயம் அவருக்குக் கடைசி வரை போகவில்லை.

இந்தப் பங்குனியில், கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். பாதி சுற்றிய காயில் மடியில் இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கக் கயிறு பிடித்த நான்கு பேரில் ரெத்தினம் ஒருவர். பெட்டி அடியில் உட்கார்ந்தது. மற்ற மூவரும் கயிற்றை விட்டார்கள். அவர் விடவில்லை. குழியைப் பார்த்துக் குனிந்து, மூச்சு விசிலடிக்க நின்றுகொண்டிருந்தார்.

"விடுங்க மாமா," என்றாள் பிரின்ஸி.

"இரும்மா," என்றார் ரெத்தினம்.