கொளஞ்சி கையில் வாங்காத பெட்டி

கொளஞ்சி அண்ணன் யார் கையிலிருந்தும் எதையும் வாங்க மாட்டார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். டீ கிளாஸைக்கூட பெஞ்சில் வைக்க வேண்டும். வைத்தவர் கையை எடுத்த பிறகுதான் அவர் எடுப்பார். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று மரக்காணம் உப்பளத்தில் எல்லோரும் நம்புவார்கள். அவர் அதை எல்லாப் பொருளுக்கும் நீட்டிக்கொண்டார். "கையில வாங்கினா வம்பும் நம்மளுதாயிடும்" என்பார்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் கீழ்புத்துப்பட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு வாட்ச்மேனாகப் போவார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியான நான், வேறு வேலை கிடைக்காமல் அங்கேதான் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

2005 நவம்பரில் மார்ட்டின் என்ற இங்கிலாந்துக்காரர் வந்து தங்கினார். இளமையில், போஸ்ட்-பங்க் என்ற ராக் வகை இசைக்குழு ஒன்றில் கிட்டார் வாசித்தவர். அவர்களுடைய ஆரம்பகால ஆல்பங்களை, வெளிவராத பாட்டுகளோடும் தடித்த படப் புத்தகத்தோடும், கறுப்புத் துணி ஒட்டிய பெட்டியில் மறுபடி வெளியிட்டிருந்தார்கள். அதில் ஒன்றை, அதே குழுவில் இருந்து இப்போது குயிலாப்பாளையத்தில் வசிக்கும் பழைய டிரம்மருக்காகக் கொண்டுவந்திருந்தார். இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. நேரில் பார்க்கவும் தயக்கம். டிரம்மர் கேட்டில் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

அன்று வெளியே கிளம்பும்போது மார்ட்டின் பெட்டியைக் கொளஞ்சியிடம் நீட்டினார்.

"ஸ்டூல்ல வெக்கச் சொல்லுப்பா" என்றார் கொளஞ்சி என்னிடம்.

சொன்னேன். மார்ட்டின் வைத்துவிட்டுப் போனார். டிரம்மர் வந்தபோது ஸ்டூல் காலி. மார்ட்டின் கொடுக்க மாட்டான் என்று தெரியும் என ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவர் பைக்கைத் திருப்பினார்.

முதலாளி அர்ச்சுனன் கொளஞ்சியைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்டதானே குடுத்தாரு?"

"குடுத்தாரு. நான் வாங்கல."

"என்னய்யா பேச்சு இது? பெட்டி வரலன்னா நாளையிலேருந்து நீயும் வராத."

கொளஞ்சி சுற்றிலும் பார்த்தார். "சகாயமேரிதான் இங்க பெருக்கிட்டிருந்தா. அவ வீட்டுல பாருங்க."

அதுவரை அவர்மேல் இருந்த என் சந்தேகம், அந்த நொடியில் சகாயமேரி மேல் தாவியது. எவ்வளவு சுலபமாகத் தாவியது என்று இப்போது யோசிக்கிறேன்.

கெஸ்ட் ஹவுஸைப் பெருக்கித் துடைக்கும் சகாயமேரி, அக்காளின் பிரசவத்துக்காக அன்றே கூனிமேடு போய்விட்டிருந்தார். முதலாளியின் ஆட்கள் சகாயமேரி வீட்டுக்குப் போய், மாமியார் தடுத்தும் கேட்காமல், அவருடைய துணிப்பெட்டியைத் தெருவில் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்த சகாயமேரி நேராகப் போய்க் கெஸ்ட் ஹவுஸின் போர்வை அலமாரியைத் திறந்தார். கறுப்புப் பெட்டி உள்ளே இருந்தது.

"தூறல் போட்டுது. நனையுமேன்னு உள்ள எடுத்து வெச்சேன். நீ டீ குடிக்கப் போயிட்டியே அண்ணா, மேசையிலயும் ஆளில்ல, யாருகிட்ட சொல்றது?"

சகாயமேரி அந்தப் பக்கம் போனதும், "இப்பக் கொண்டாந்து வெச்சிருப்பா" என்றார் கொளஞ்சி என் காதில்.

டிரம்மர் மறுபடி வரவில்லை. மார்ட்டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டே ஊருக்குப் போனார்.

மாசியில் முதல் உப்பு வாரியதும், கொளஞ்சி என்னையும் கூட்டிக்கொண்டு சகாயமேரி வீட்டுக்குப் போனார். ஒரு பை உப்பை வாசலில் வைத்தார்.

"கடையில உப்பு கெடைக்குதுண்ணா. எம் பொட்டியக் கொட்டினாங்களே, அதே எடத்துல நின்னு, நான் எடுக்கலன்னு சொல்லு."

எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"சொல்றேன், சொல்றேன்" என்று சைக்கிளை எடுத்தார் கொளஞ்சி.

சித்திரையில் உப்பளத்திலேயே விழுந்து இறந்துபோனார். சாவுக்குச் சகாயமேரியும் வந்திருந்தார்.

அந்தத் தெருவில் இன்னமும் அவர் வந்தால் சிலர் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் கைகாட்டியவர் சொல்லாததை நான் சொன்னால் யார் நம்புவார்கள்? உப்புப் பையைச் சகாயமேரி உள்ளே எடுக்கவே இல்லை. கொளஞ்சி சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.