திட்டு வாங்கிய அவரைச் செடிகள்

தாவரவியல் துறையில் அவருக்கு 'ஏன் அக்கா' என்று பெயர். மழை வருகிறது என்றால்கூட ஏன் என்பார், எப்படித் தெரியும் என்பார். அவர் வீட்டுக்காரர் பேச்சையே குறைத்துக்கொண்டுவிட்டார், பாவம். நானோ பக்கத்து அறையில் பாடம் எடுப்பவன், ஓட வழியில்லை.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டு, குழுவுக்கு ஒரு ஆராய்ச்சி செய்யட்டும் என்று அக்கா கிளம்பியபோது, துறைத்தலைவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"செமஸ்டர் முடிவுல உருப்படியா ஒண்ணு காட்டுங்க. இல்லேன்னா பழையபடி நோட்ஸ்தான்."

அக்காவுக்கு அது உயிர் போகிற விஷயம். நோட்ஸ் வாசித்து வாசித்து வாழ்க்கையே வெறுத்துப்போனவர்.

ஒரு குழு கொண்டுவந்த கேள்வியைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது: திட்டினால் செடி வாடுமா? ஒரு தொட்டி அவரையைத் தினமும் திட்டுவது, இன்னொன்றைக் கொஞ்சுவது, மூன்றாவதிடம் பேசாமலே இருப்பது. ஒப்பிட்டுப் பார்க்க அந்த மூன்றாவதுதான் முக்கியம் என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கொஞ்சுவதற்கு ஆள் கிடைத்தது. திட்டத்தான் யாருக்கும் வாய் வரவில்லை, சிரித்துவிட்டார்கள். கடைசியில் குழுவிலேயே வாயில்லாப் பூச்சியான பெண் போய்த் துறைத்தலைவரையே கேட்டுவிட்டாள்.

அவர் முறைத்தார். மறுநாள் காலை ஆய்வகத்தில் வந்து நின்றார்.

"தண்ணி ஊத்தறோம், வெயில் காட்டறோம், இன்னும் என்ன கேடு உனக்கு? மத்த செடியெல்லாம் எப்படி வளருதுன்னு பாரு."

ருசி கண்டுவிட்டது. அப்புறம் ஒரு நாள் தவறவில்லை. அலுவலகத்துக்காரர்கள் திட்டு வாங்காமல் ஒரு சுற்று பெருத்தே போனார்கள்.

செமஸ்டர் முடிவில் அளந்தார்கள். மூன்று தொட்டியும் ஒரே உயரம். அக்காவின் முகம் செத்துப்போனது. துறைத்தலைவரின் முகம் அதைவிட மோசம்.

"நான் தொண்டை கிழியத் திட்டினது வீணா? சரியா அளந்தீங்களா?"

"மூணு தடவ அளந்தோம் சார்," என்றாள் அந்தப் பெண். "தப்பு எங்களோடதுதான். கொஞ்சற தொட்டிய மாடியில வெச்சோம், பேசாத தொட்டிய கடைசி ரூம்ல வெச்சோம். உங்க குரல் அங்கயும் கேட்டுது. திட்டு வாங்காத தொட்டின்னு ஒண்ணு எங்ககிட்ட இல்லவே இல்ல சார்."

நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன். அக்காவோ சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தார். ஒரு பிள்ளை தன் சோதனையில் தானே ஓட்டை கண்டுபிடித்துவிட்டது. இனி நோட்ஸ் வந்தால் வரட்டும் என்கிற மாதிரி.

துறைத்தலைவர் செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ சொன்னார்.

"என்ன சார்? கேக்கல," என்றார் அக்கா.

"அடுத்த செமஸ்டரும் நடத்துங்கன்னு சொன்னேன்."