தார் விளிம்பிலிருந்து எடுத்த அளவு

என் அப்பா ஹென்றி, மனைப்பிரிவு வரைபடம் வரைபவர். சாந்தோமில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய அலுவலகம். நிலத்தை மனைகளாகப் பிரிக்க அரசு அனுமதி கேட்பவர்கள் அவரிடம் வருவார்கள். "ஹென்றி போட்ட கோடு நகராது" என்று கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது யாராவது சொல்வார்கள். அப்பா தலையைக் குனிந்துகொள்வார். அது அவருக்குப் பிடிக்கும்.

செங்கல்பட்டுக்கு அப்பால் மாநில நெடுஞ்சாலையோரம் ஒரு நிலத்துக்கு வரைந்தார். அதில் சாலையை ஒட்டிய முதல் மனையை முனியம்மாள் கேட்டு வைத்திருந்தாள். நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்பவள். இருபது வருடமாக எங்களுக்கும் அவள் மீன்தான். அந்த மனையில் சாப்பாட்டுக் கடை போடுவதாக இருந்தாள்.

"நீ வரைஞ்சதுன்னா கண்ண மூடிக்கினு வாங்குவேன் சார்."

சாலையின் எல்லைக்கல் முள்புதருக்குள் புதைந்திருந்தது. நல்ல வெயில். கல்லைத் தேடாமல் தார் விளிம்பிலிருந்தே அளந்துவிட்டார் அப்பா. நெடுஞ்சாலைத் துறை வரைபடத்தைத் திருப்பி அனுப்பியது. முதல் மனை முழுவதும் சாலைக்குரிய இடத்தில் இருந்தது.

"நாளைக்கு அவகிட்ட சொல்லிடறேன் கரோல்" என்று என்னிடம் சொன்னார். நான்கு நாள் அவள் மீன் விற்கும் சாலைப் பக்கமே போகவில்லை. லஸ் வழியாகச் சுற்றிப் போனார். ஐந்தாம் நாள் அவளே வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா சார், என் மீனு நாறுதா? ஆளையே காணோம்!"

அப்பா உட்காராமலே சொன்னார். "அந்த மனை கிடைக்காது முனியம்மா. கல்லைப் பாக்காம அளந்துட்டேன். தப்பு என்னுது."

"எப்ப தெரியும் உனுக்கு?"

"திங்கக்கிழமை."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "நேத்துதான சார் நா மீனு விக்கிற எடத்த ஓரகத்திக்கு வுட்டுக் குடுத்தேன்!"

"திருப்பிக் கேளேன்."

"குடுத்தத கேட்டு வாங்கிட்டு குப்பத்துல எப்டி நடமாடுவேன்? கோடு தப்பாச்சு, சரி. நாலு நாளு வாயில இன்னா வச்சிக்கினு இருந்த?"

அப்பா மறுநாளே போய், முள்ளை வெட்டிக் கல்லைத் தோண்டி எடுத்து, புதிதாக வரைந்து கொடுத்தார். அனுமதி வந்தது. அதில் அந்த மனை இல்லை.

முனியம்மாள் இப்போது வரிசையின் கடைசியில், நிழல் இல்லாத இடத்தில் உட்காருகிறாள். அப்பா அவளிடம்தான் மீன் வாங்குகிறார். அவள் எடை போடும்போது கீழேயே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் சற்றுத் தள்ளி நிற்பேன். அவளுடைய எண் அந்த நான்கு நாளும் என் செல்போனில்தான் இருந்தது.