பொம்மர் பிரிவுக்கு ஒரு கல்வெட்டு

என் சகலன் ஒரு வெள்ளைக்காரர். அவரை எரித்துவிட்டு வந்த மறுநாள், லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார் மச்சாள், அதாவது என் மனைவியின் அக்கா.

"தம்பி, முப்பத்தொண்டுக்குக் கல்வெட்டு வேணும். நீர்தான் எழுத வேணும்."

கல்வெட்டு என்றதும் உளியையும் கோயில் சுவரையும் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தார் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அதற்குத்தான் அந்தப் பெயர். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, மருமக்கள் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல். நடுவில் இரண்டு மூன்று பக்கம் இறந்தவர் பிறந்த ஊரின் வரலாறு. வடலண்டனில் இதை எழுதிக்கொடுக்கிறவர்களில் நானும் ஒருவன். கிழமை நாட்களில் கவுன்சிலில் இருந்து குப்பைத்தொட்டி முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுகிறேன். சனி ஞாயிறுகளில் இறந்தவர்களைப் புகழ்கிறேன். இரண்டுக்கும் ஒரே நடை போதும்: எவர் மனமும் நோகக்கூடாது, எதையும் ஒப்புக்கொள்ளக்கூடாது. என் கல்வெட்டுகளில் இதுவரை ஒரு கெட்ட மனிதர்கூட இறந்ததில்லை.

"அவருக்கு ஊர் வரலாறு எதை எழுதுறது மச்சாள்?" என்று கேட்டேன். சகலன் அநாதை விடுதிகளில் வளர்ந்தவர். ஒவ்வொரு விடுதியும் ஒவ்வோர் ஊரில்.

"அவருக்கு ஊரெண்டு ஒண்டுதான். பத்தொன்பது வயசில போய்ச் சேர்ந்த அந்தப் படைப்பிரிவு. அதை எழுதும்."

பெட்டியைத் திறந்தேன். ஒரு தொப்பிச் சின்னம், சில படங்கள், அவர் கைப்படக் குறிப்பெழுதிய ஒரு நீலநிறக் கொப்பி. படங்களில் ஒன்றில் நான்கு இயந்திரம் பூட்டிய பெரிய விமானம். இன்னொன்றில் வயலின் நடுவே வெள்ளையாக நிமிர்ந்து நிற்கும் ஏவுகணை; அதன் அடியில், நோஞ்சானாக, கையுறையும் முகமூடியுமாக என் சகலன்.

பிரிவின் கதை இதுதான். பெரிய யுத்தத்தில் அது குண்டுவீச்சு விமானப் பிரிவு, எங்கள் பேச்சில் பொம்மர் பிரிவு. யுத்தம் முடிந்து கலைத்தார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து, கிழக்கு இங்கிலாந்தில் அதே பெயரில் மறுபடி தொடங்கி, விமானத்துக்குப் பதிலாக மூன்று ஏவுகணைகளைக் கொடுத்தார்கள். நான்கு வருடத்தில் அதையும் கலைத்தார்கள். ஒன்றைக்கூட ஏவவில்லை. அதனால்தான் இதை எழுத நானும் நீங்கள் வாசிக்கவும் இருக்கிறோம். ஆனால் பிரிவின் பழையவர்கள் சங்கத்துக்கு அது ஒரு குறையாகத்தான் பட்டது. சங்கத்தின் செயலாளர் தயாரித்த வரலாற்றில் விமானங்களுக்கு நாற்பது பக்கம். ஏவுகணைக்கு ஒரு வரி: "பின்னர் சில காலம் ஏவுகணைப் பணியிலும் இருந்தது, குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவும் இல்லை."

அந்த ஒரு வரியை இரண்டு பக்கமாக்கச் சொல்லி என் சகலன் ஆறு வருடம் கடிதம் எழுதினார். குழு பரிசீலிக்கும் என்று ஆறு வருடமும் பதில் வந்தது. இப்போது சங்கமே மூடப்படுகிறது, ஆட்கள் இல்லை. அதன் ஏடுகள் எல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கப்பட்டு, அந்தப் பகுதியின் ஆவணக் காப்பகத்துக்குப் போகப்போகின்றன.

"பெட்டி இந்த மாசக் கடைசியில போகுதாம்," என்றார் மச்சாள். "அவரைப் பற்றின பக்கம் அதுக்குள்ள போக வேணும். செயலாளருக்கு போன் பண்ணிக் கேட்டனான். அச்சடிச்சுத் தாங்கோ, குழுவுக்கு ஆட்சேபம் இல்லாட்டி வைக்கிறன் எண்டவர்."

நான் ஓம், சரி என்றேன். மச்சாளிடம் வேறு எதையும் சொல்லிப் பழக்கமில்லை. நாற்பது வருடம் தாதியாக ஆஸ்பத்திரி வார்டுகளை ஆண்டவர்.

ஓம் என்ற பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. சிறுவயதில், யாழ்ப்பாணத்துச் சண்டைக் காலத்தில், எனக்கு இரண்டு பாடங்களில்தான் திறமை. ஒன்று தமிழ். மற்றது, சத்தத்தை வைத்து எந்த விமானம், எத்தனை நிமிடத்தில் எங்கள் தலைக்கு மேல் வரும் என்று சொல்வது. "பொம்மர் வருது" என்று யாராவது கத்தினால் வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் முதலில் பாய்கிறவன் நான். வயதானவர்களுக்கு வழிவிடும் பண்பு பிற்பாடு லண்டனில், பஸ்ஸில் கற்றது. அப்படிப்பட்ட நான் ஒரு பொம்மர் பிரிவுக்கு வாழ்த்துப்பா பாட வேண்டும்.

பழக்க தோஷம் கைகொடுத்தது. ஒரே சனிக்கிழமையில் எழுதி முடித்துவிட்டேன். திங்கள் பின்னேரம் மச்சாள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"'இங்கிலாந்தின் கிழக்கே, நீர்வளமும் நிலவளமும் மிக்க கிராமத்தில் இப்பிரிவு தோற்றம் பெற்றது. இளமையிலேயே துடிப்பும் கடமையுணர்வும் கொண்டு விளங்கியது. ஜேர்மனிக்குப் பலமுறை சென்றுவந்தது...'" நிறுத்தினார். "சென்றுவந்ததோ? என்னத்துக்கு? மரக்கறி வாங்கவோ?"

என் மனைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"மச்சாள், கல்வெட்டில அப்பிடித்தான்..."

"'நாடியவர்க்கு இல்லையென்னாது வழங்கியது.' ஐயோ, என்ர கடவுளே. தம்பி, இது குண்டு போட்ட பிரிவு. ஆர் நாடினவை? ஆருக்கு வழங்கினது?"

உண்மையைச் சொல்கிறேன்: அந்த வரியை நான் கிண்டலாக எழுதவில்லை. எல்லாக் கல்வெட்டிலும் அந்த இடத்தில் அந்த வரி வரும். கையே எழுதிவிட்டது.

"அவற்ற கொப்பியை வாசிச்சனீரோ?"

"மேலோட்டமா..."

"அக்கா, இவர் கவுன்சில் கடிதம் எழுதுற ஆள்," என்றாள் மனைவி. "உங்கட குண்டு எங்களுக்குக் கிடைத்தது, பத்து வேலை நாளில் பதில் தருவோம் எண்டு எழுதாமல் விட்டதே பெரிய காரியம்."

கொப்பியை வாசிக்க உட்கார்ந்தேன். என் சகலன் அதிகம் பேசாதவர். கல்யாண வீடுகளில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் தன்னிடம் பேசிவிடக்கூடாது என்று பிரார்த்திப்பவர். கொப்பியிலும் அப்படித்தான், சிறு சிறு வரிகள். ஏவுகணை படுத்த நிலையில் இருக்கும். கட்டளை வந்தால் கூரை பின்னால் நகரும், ஏவுகணை நிமிரும், எரிபொருள் நிரப்புவார்கள். ஏறத்தாழ பதினைந்து நிமிடம். ஏவுவதற்கு இரண்டு சாவி: ஒன்று பிரிட்டிஷ் அதிகாரியிடம், மற்றது அமெரிக்க அதிகாரியிடம். இவர் வேலை, ஏவுகணைக்குள் திரவ ஒட்சிசனை விடும் வால்வு. கியூபா விவகாரம் முற்றிய நாட்களில் கூரைகள் நகர்ந்தன, ஏவுகணைகள் தயாராகின. இவர் வால்வுக்குப் பக்கத்தில் நின்றார். ஷிப்ட் முடிந்தது. முட்டையும் சிப்ஸும் சாப்பிட்டார். அடுத்த ஷிப்டுக்கு மறுபடி போய் நின்றார்.

அதற்குக் கீழே ஒரு வரி. "இது எந்த ஊருக்கு என்று கேட்டேன். வால்வைப் பார் என்றார் அதிகாரி."

அவர்களுக்கு ஊரின் பெயரைச் சொல்வதில்லை. மச்சாள் வீட்டு முன்னறையில் எப்போதும் ஒரு பெரிய அற்லஸ், உலக வரைபடப் புத்தகம், கிடக்கும். சகலன் பயணப் பிரியர் என்று நினைத்திருந்தேன். ஆள் இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரையைத் தாண்டிப் போனதே கிடையாது. கொப்பியின் கடைசிப் பக்கங்களில் நகரங்களின் பட்டியல். தூரத்தை அளந்து, எட்டக்கூடியவற்றை எழுதி, ஒன்றொன்றாக ஆராய்ந்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அங்கே என்ன இருக்கிறது என்று குறிப்பு: ஆறு, தொழிற்சாலை, பல்கலைக்கழகம், மிருகக்காட்சிச்சாலை. எந்த ஊர் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவரவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு மறுபடி தொடங்கினேன். இம்முறை வளமும் இல்லை, பண்பும் இல்லை. விமானங்கள் எங்கே போயின, என்ன போட்டன என்று எழுதினேன். அந்தப் பகுதியைக் கோபத்தோடு எழுதுவதுதான் திட்டம். பங்கர்க்காரனுக்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்தேன். சங்கத்தின் வரலாற்றில் திரும்பி வராத விமானிகளின் பட்டியல் இருந்தது. வயது இருபது, இருபத்தொன்று, பத்தொன்பது. என் மூத்தவனைவிட இளசுகள். கோபம் எழுத்துக்கு வசதியான சாமான். அதைப் பாதியில் பறிகொடுத்துவிட்டு அன்றைக்கு நான்கு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் அவர்களையும் எழுதினேன். அதற்கு அடுத்த பந்தியில், அதாவது பத்தியில், இவ்வளவும்: "குண்டு விழுந்த ஊர்களிலும் சனம் இருந்தது. அவர்களின் பெயர்கள் இப்பிரிவின் ஏடுகளில் இல்லை. பின்னாளில் ஏவுகணைப் பணியில் இருந்த ஒருவர், தனது ஏவுகணை எவர்மேல் விழ இருந்தது என்பதை அறிய வாழ்நாள் முழுக்க முயன்றார்." பிறகு வால்வு, கூரை, முட்டையும் சிப்ஸும்.

மச்சாள் வாசித்தார். ஓர் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினார்.

ஆங்கில வடிவத்தைச் செயலாளருக்கு அனுப்பினேன். இரண்டாம் நாளே மரியாதையான பதில். மிகவும் நெகிழ்ந்தாராம். ஏவுகணைப் பகுதி அப்படியே இருக்கலாமாம். குண்டு விழுந்த ஊர்கள் பற்றிய அந்த ஒரு பந்தியை மட்டும் எடுத்துவிட்டால் பெட்டிக்குள் வைப்பதில் தடையில்லையாம்.

எனக்கு நிம்மதி. ஒரு பந்திதானே. பந்திகளை எடுப்பதில் எனக்கு இருபது வருட அனுபவம். மச்சாள் வீட்டுக்குப் போய் என் தலைசிறந்த அலுவலகக் குரலில் விளக்கினேன்: எங்களுக்கு வேண்டியது அவருடைய பக்கம் பெட்டிக்குள் போவது, அது போகிறது, மிச்சத்தில் விட்டுக்கொடுக்கலாம்.

மச்சாள் அற்லஸை எடுத்து என் மடியில் வைத்தார். கனமான புத்தகம்.

"தம்பி, இவர் அம்பது வருஷம் இதைத் திறந்து திறந்து பார்த்தது ஆற்றையும் மலையையும் பார்க்கவோ? அந்தச் சனத்தை வெட்டிப்போட்டு அவரை மட்டும் வைக்கிறதெண்டால், அது அவரில்லை. வேற ஆரோ வால்வு திருப்பின ஆள்."

"அப்ப பெட்டிக்குள்ள போகாது மச்சாள்."

"போகும்."

"எப்பிடி?"

"அது தெரியேல்லை. நீர் அச்சுக்குக் குடும்."

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் சோறும் ஏழு கறியும். செயலாளர் வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், கழுத்தில் பிரிவின் டை, வாழைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். சாப்பிட்டு முடித்து, கண்ணாடியைத் துடைத்து, கல்வெட்டின் ஆங்கிலப் பக்கங்களை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். அந்தப் பந்தியில் அவர் விரல் நின்றதை நானும் மச்சாளும் பார்த்தோம்.

"என் அப்பா அந்த விமானங்களில் ஒன்றில் இருந்தவர்," என்றார். "நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். அவரைப் பற்றிய பெட்டியில் இந்த வரியை என் கையால் வைக்க என்னால் முடியாது. மன்னியுங்கள்."

"உங்கள் அப்பாவும் இதில் இருக்கிறார்," என்றார் மச்சாள் ஆங்கிலத்தில். "அதற்கு முந்தின பக்கம். வயதோடு."

"பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறார்." அவர் எழுந்து மச்சாளின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "ஆனாலும் முடியாது."

அவர்மேல் கோபப்பட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கல்வெட்டைத் திருப்பித் தராமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

கதை முடிந்தது, ஐந்நூறு பிரதியில் நானூறை கராஜில் அடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். மச்சாள் செவ்வாய்க்கிழமை போன் பண்ணினார்.

"நாளைக்கு லீவு போடும். எட்டரைக்குக் கிங்ஸ் குரொஸ் ஸ்டேஷன்."

"எங்க மச்சாள்?"

"காப்பகத்துக்கு. பெட்டியை அவர் குடுக்கலாமெண்டால், புத்தகத்தை நான் குடுக்க ஏலாதோ? போன் பண்ணிக் கேட்டனான். ஆரும் குடுக்கலாமாம்."

இந்த எளிய விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். இருபது வருடம் அனுமதி மறுக்கிற பக்கத்தில் இருந்தவனுக்கு அப்படியெல்லாம் தோன்றாது.

ரயிலில் மச்சாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். வெளியே தட்டையான வயல்கள். பைக்குள் கல்வெட்டின் பிரதிகள் மூன்று, சகலனின் நீலக் கொப்பி. கொப்பியையும் கொடுக்கப்போகிறார் என்பது எனக்குக் காப்பகத்து மேசையில்தான் தெரிந்தது. அங்கிருந்த இளம் பெண் வெறும் கைகளால் அதை மெதுவாகத் திருப்பினாள். நகரங்களின் பட்டியலில் சற்று நேரம் நின்றாள்.

"சங்கத்தின் பெட்டி ஏற்கனவே வந்துவிட்டது," என்றாள். "இது தனி எண்ணில் வரும். ஆனால் பிரிவின் பெயரைத் தேடுகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்துதான் காட்டும்."

"இரண்டுமா?" என்றார் மச்சாள்.

"இரண்டும்."

ஒப்படைப்புப் படிவத்தில் மச்சாள் தன் பெயரை எழுதி, பிரிவுடன் உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினார். அட்டவணையில் ஏற ஆறு வாரம் ஆகும் என்றாள் அந்தப் பெண். பிறகு யாரும் வாசிப்பறையில் கேட்டுப் பார்க்கலாம்.

ஸ்டேஷனுக்கு நடந்து வரும்போது மழை தூறியது. குடையை என்னிடம் தந்துவிட்டு மச்சாள் கைப்பையிலிருந்து டயரியை எடுத்தார்.

"ஆறு கிழமை எண்டால் என்ன திகதி வருது?"

"ஏன் மச்சாள்?"

"வந்து கேட்டுப் பார்க்கத்தான். நீரும் லீவைச் சொல்லி வையும்."

ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. அவர் டயரியில் குறித்த திகதிக்கு டிக்கெட் எடுக்க, நேரே கவுண்டருக்குப் போய் வரிசையில் நின்றார்.