பெரிய திரை வந்த வீடு

நாத்தனாரைக் கண்டாலே மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, மருமகளை வேலையை விடச் சொன்னவள் இந்த நாத்தனார்தான். "வெளியாளுங்க கையில அம்மாவ விட எனக்கு மனசு வரல" என்று கண்ணைக் கசக்கினாள். கசக்கி முடித்ததும், அடுத்த தெருவில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த மருமகள் அன்றிலிருந்து மாமியாருக்கு மலசலம் எடுக்கும் படுக்கைத்தட்டைக் கழுவினாள்.

பழைய சம்பளத்தில் வாங்கியதில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: கையில் பிடித்து ஆடும் ஒரு சின்ன வீடியோ கேம். கிடங்கில் பெட்டிகளைத் தள்ளி வழி திறக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். உலை கொதிப்பதற்குள் ஒரு கட்டம் முடிந்துவிடும். சத்தத்தை அணைத்துவிட்டாலும் ஆடலாம். எழுத்தெல்லாம் கொட்டை கொட்டையாக இருக்கும். ஒரு கையால் மாமியாரின் காலைத் தாங்கிக்கொண்டே மறு கைக் கட்டைவிரலால் ஆடலாம். உள்ளேயிருந்து "எங்கடி தொலைஞ்ச?" என்று குரல் வந்தால் டப்பென்று மூடிவிட்டு ஓட வேண்டியதுதான். துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, திட்டு வாங்கிக்கொண்டு வந்து திறந்தால், தள்ளிய பெட்டி தள்ளிய இடத்திலேயே நிற்கும். அந்த வீட்டில் அவளுக்காகக் காத்திருந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா அங்க மொனகிட்டுக் கெடக்கறாங்க, நீ பொம்மைய வெச்சு வெளையாடிட்டு இருக்கியா?"

மாமியார் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அதையெல்லாம் நாத்தனார் கண்டுகொள்வாளா? நேரே தம்பியிடம் போனாள். "ஆசையா இருந்தா டீவியில மாட்டி ஆடுறத வாங்கிக் குடுடா. ஒளிஞ்சு ஒளிஞ்சு ஆடுறது நல்லாவா இருக்கு?" எவ்வளவு பெரிய மனசு! கூடத்தில் நாலு பேர் முன்னால் உட்கார்ந்து ஆட அவளுக்கு ஏது நேரம் என்பது நாத்தனாருக்கு நன்றாகவே தெரியும்.

அக்கா சொன்னால் தம்பிக்கு வேறு யோசனை கிடையாது. மறுநாளே பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான்.

"என்னோடது எங்கங்க?"

"அதக் கடையில குடுத்துட்டுத்தான் இத எடுத்தேன். எவ்ளோ பெரிசா தெரியுது பாரேன்!"

அவன் பல்லைக் காட்டியபோது அந்தப் பல்லை உடைக்கலாமா என்றிருந்தது அவளுக்கு.

புது ஆட்டம் கதை சொல்லவே அரை உலை நேரம் எடுத்துக்கொண்டது. இரண்டு கையும் வேண்டும். ஆடியது பதிவாக வேண்டுமானால், காடு மலையெல்லாம் தாண்டி ஒரு சத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவள் ஒரு தடவைகூடச் சத்திரத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பாதிக் காட்டில் மாமியார் கூப்பிட்டாள். திரும்பி வந்தால் எல்லாம் போயிருக்கும், முதலிலிருந்து நடக்க வேண்டும். பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

விடுமுறை நாளில், தம்பியும் வீட்டில் இருந்தபோது, நாத்தனார் பழத்தோடு வந்து சோபாவில் சாய்ந்தாள். "என்ன, அவ்ளோ ஆசையா வாங்கிக் குடுத்தும் தொடவே மாட்டேங்கிறியாம்? நன்றி வேணாமா?"

மருமகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆட்டத்தைப் போட்டாள். கதை ஓடி முடிந்தது. காட்டுக்குள் நுழைந்ததும் உள்ளேயிருந்து மாமியார் அலறினாள்.

"கூப்பிடுறாங்கல்ல?" என்றாள் நாத்தனார்.

"கேக்குது அண்ணி. இத நடுவுல விட்டா எல்லாம் போயிடும். பழசுன்னா மூடிட்டு ஓடலாம். அதத்தான் குடுத்துட்டீங்களே."

"என்னடி திமிரு இது? டேய், நீ பாத்துட்டு நிக்கறியா?"

தம்பி தரையைப் பார்த்தான். அலறல் கூடியது.

"தட்டு கட்டிலுக்கு அடியில இருக்கு. எடது பக்கமாத் திருப்புங்க. வலது பக்கம் கை பட்டா உயிரு போற மாதிரி வலிக்கும்."

வேறு வழியில்லாமல் நாத்தனார் எழுந்து போனாள். சற்று நேரத்தில் மாமியாரின் குரல் கூரையைப் பிளந்தது. "பாவி, கைய எடுடி! பெத்தவளத் தூக்கத் தெரியுதா ஒனக்கு? போய் அவள வரச் சொல்லு!"

மருமகள் எழவில்லை. திரையில் அவளுடைய வீரன் எப்போதோ செத்துப்போயிருந்தான். அது அங்கே வேறு யாருக்கும் புரியவில்லை. அவள் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தாள்.