சனிமூலை மண்

இலை காற்றிலிருந்து கரியை, அதாவது கார்பனை, எடுக்கிறது. உதிர்ந்து மண்ணோடு சேர்கிறது. மண் அதை மெல்ல மறுபடி காற்றுக்கே விடுகிறது. கல்லூரியில் இதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திருமயம் பக்கத்து எங்கள் செம்மண்ணில் எவ்வளவு கரி தங்கியிருக்கும்? புதுக்கோட்டையில் தேடிய எந்தப் புத்தகத்திலும் இல்லை. அறுபதுகளின் தொடக்கம்; பட்டம் வாங்கி வேலைக்குக் காத்திருந்தேன். நானே அளந்துவிடுவது என்று கிளம்பினேன்.

வீடுவீடாகப் போய் வயல் மண் ஒரு கை கேட்டேன்.

"எதுக்கு தம்பி, மருந்துக்கா?" என்றார் ஒரு அக்கா. கணவரை இழந்தவர்; சரளைமேட்டில் ஒரு துண்டு நிலம்தான் அவருக்கு.

"வறுத்துப் பாக்கக்கா."

"அது வெயில்லயே வறுபட்டுத்தான் கெடக்கு. மறுபடியுமா?"

ஆனாலும் மறுநாள் பூவரச இலையில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

கல்லூரி ஆய்வகத்தில் மண்ணைக் காயவைத்து நிறுத்தேன். பீங்கான் கிண்ணத்தில் சிவக்கச் சுட்டு, ஆறவைத்து மறுபடி நிறுத்தேன். சுட்டதில் குறைந்துபோன எடைதான் கரிக்கு அடையாளம். எல்லாப் பொட்டலத்திலும் தாராளமாகக் குறைந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கார்பன் தாள் வைத்து நகல் எழுதி, தெரிந்த கல்லூரிகளுக்கெல்லாம் அனுப்பினேன். விவசாய அலுவலகத்துக்கும் ஒன்று.

கோடையில் கண்மாய் வண்டலை மெலிந்த நிலங்களுக்குக் கொடுக்க அந்த அலுவலகம் பட்டியல் போட்டது. எங்கள் ஊர் அதில் இல்லை.

அக்கா சொன்னார்: "எங்க மண்ணு கொழுத்த மண்ணாம் தம்பி. யாரோ எழுதிக் குடுத்துருக்காக. எழுதுனவுக வந்து ஒரு வருசம் வெதைச்சுப் பாக்கட்டும்."

நான் கேட்டேன்: "அன்னைக்கு மண்ணை எங்கிட்டு எடுத்தீக?"

"சனிமூலையிலதான். படிச்ச புள்ள கேக்குறீக, கண்ட எடத்துலயா அள்ளிக் குடுப்பாக?"

வடகிழக்கு மூலை. வருஷத்தின் முதல் உழவுக்குப் பொன்னேர் பூட்டிச் சூடம் கொளுத்துவதும், முதல் கூடை எரு கொட்டுவதும் அங்கேதான். ஊர் முழுக்க மரியாதையாக அந்த மூலை மண்ணையே கொடுத்திருந்தார்கள். எங்கே எடுக்க வேண்டும் என்று நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

வயல்களின் நடுவில் நானே தோண்டி எடுத்து மறுபடி சுட்டேன். தராசு முள் அசைந்தும் அசையாமலும் நின்றது. திருத்தி எழுதி, அதே ஆட்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோனேன். எழுத்தர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒங்க கையெழுத்துத்தான். எதைங்க நம்புறது? இன்னொண்ணு எழுதிக் கொண்டாங்க, மூணுல ஒண்ணை எடுத்துக்குவோம்."

நாலு தடவை நடந்தேன். அதற்குள் மழை இறங்கிக் கண்மாயில் தண்ணீர் தேங்கிவிட்டது; இனி வண்டல் அள்ள முடியாது.

அக்காவின் கடலை பூவிலேயே காய்ந்தது. தை மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் கதிர் அறுக்கப் புறப்பட்டார். கதவுக் கொண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்: "எழுதுனது நாந்தான்க்கா."

முடிச்சை இறுக்கி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"அந்த மூலையில நாலு செடி நல்லாத்தான் காச்சுச்சு. நீங்க எழுதுனது பொய்யில்ல தம்பி."

மூட்டையைத் தூக்கிவிடக் கை நீட்டினேன். அவரே தூக்கிக்கொண்டார். அந்த வீடு பிறகு திறக்கவில்லை.

முதல் தாளுக்கு இரண்டு கல்லூரிகள் நன்றி எழுதியிருந்தன. திருத்தத்துக்கு யாரும் பதில் போடவில்லை.